சீமி என்றால் சீமிதான்

போன நவம்பரில் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா என் கதவைத் தட்டினார். வயது எண்பத்திரண்டு. எப்போதும் நிதானமாக இருப்பவர், அன்று கொஞ்சம் பதறிப்போயிருந்தார். "என் சீமியைப் பார்த்தாயா?" என்று கேட்டார். ஐஸ்லாந்து மொழியில் சீமி என்றால் தொலைபேசி. மதியம் என் வீட்டுக்குக் காபி குடிக்க வந்திருந்தார், இங்கேயே வைத்துவிட்டோமோ என்று சந்தேகம். என் போனிலிருந்து அவர் எண்ணுக்கு அடித்துவிட்டு, இரண்டு பேரும் மாடிப்படியில் நின்று காது கொடுத்தோம். அவர் வீட்டுக்குள் இருந்து, அமுங்கின குரலில், மணி கேட்டது. பின்னல் பைக்குள், கம்பளி நூற்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது போன்.

அந்த வாரம்தான் மாலை வகுப்பில் சீமி என்ற சொல்லின் வேரைப் படித்திருந்தேன். அதைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது. "உங்கள் சீமி நூலோடு நூலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சீமி என்றாலே நூல்தானே?" என்றேன். அவர் நூற்கண்டைக் கையில் எடுத்து என்னிடம் காட்டினார். "இது பாண்ட். தையல் நூல் என்றால் த்ரௌதுர். சீமி என்றால் சீமிதான்" என்றார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். கோபமில்லை, கிண்டலுமில்லை. தவறாகச் சொன்ன சொல்லைத் திருத்துவது போலத் திருத்தினார், அவ்வளவுதான்.

நான் படித்தது தவறில்லை. எந்த அகராதியும் எனக்குத்தான் சாட்சி சொல்லும். ஆனாலும் அந்தப் பதில் குளிர்காலம் முழுக்க என்னோடு இருந்தது. ஒரு சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டால் அந்தச் சொல்லையே தெரிந்துகொண்டதாக நம்பி வந்தவன் நான். எண்பது வருடமாக அந்தச் சொல்லைப் பேசி வருகிறவரின் காதில் நூலே விழவில்லை என்றால், நான் கண்டெடுத்ததாக நினைத்த அந்த நூல் எங்கே இருக்கிறது? சொல்லுக்குள் இருக்கிறதா, என் குறிப்பு நோட்டில் மட்டும் இருக்கிறதா?

வந்த பொருளும் கிடந்த சொல்லும்

ஐஸ்லாந்துக்காரர்களின் சொல்லாக்கம் என்றாலே எல்லாரும் தோல்வாவைச் சொல்வார்கள். கணினிக்கு அவர்கள் வைத்த பெயர். எண்ணைக் குறிக்கும் 'தாலா', குறிசொல்லும் பெண்ணைக் குறிக்கும் 'வோல்வா' இரண்டையும் சேர்த்து 1965-இல் சிகுர்தூர் நோர்தால் என்ற இலக்கியப் பேராசிரியர் உண்டாக்கினார். அழகான சொல், சந்தேகமில்லை. ஆனால் அதில் தையல் தெரிகிறது. இரண்டு துணியை யாரோ கையால் இணைத்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். சீமியில் அப்படி ஒரு தையல் கிடையாது. அது முழுச் சொல். ஐஸ்லாந்து மொழிக்குத் தாயான பழைய நோர்ஸ் மொழியில் 'சீமா' என்றும் 'சீமி' என்றும் வழங்கியது. கயிறு, திரித்த நூல், இழை என்று பொருள். அதன் உறவுக்காரச் சொற்கள் பழைய ஆங்கிலத்திலும் பழைய சாக்சன் மொழியிலும் உண்டு. டென்மார்க்கின் கிராமங்களில் வைக்கோலைத் திரித்து முறுக்கிய புரிக்கு அதே குடும்பத்துச் சொல்தான் பெயர். ஐஸ்லாந்தில் அந்தச் சொல் பேச்சிலிருந்து மெல்ல நழுவி, பழைய பாடல்களில் மட்டும் தங்கிவிட்டது.

தொலைபேசி இங்கே வந்தபோது சீமி என்ற பெயரோடு வரவில்லை. நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஈசாஃபியோர்துர் என்ற மீன்பிடி ஊரில் 1889-இல் முதல் தொலைபேசிக் கம்பி இழுத்தார்கள். அடுத்த வருடம் தலைநகரான ரெய்க்யவிக்கிலிருந்து பக்கத்து ஊரான ஹாஃப்னார்ஃபியோர்துருக்கு ஒரு கம்பி. அப்போது அதன் பெயர் 'தெலெஃபோன்'. டேனிஷ் ஆட்சிக் காலம், டேனிஷ் வழியாகவே பொருளும் பேரும் வந்தன. சொந்தச் சொல் வேண்டும் என்று நினைத்தவர்கள் முதலில் கைக்கெட்டின சொல்லைத்தான் எடுத்தார்கள். நூலுக்கு வழக்கிலிருந்த சொல் த்ரௌதுர். அதை வைத்துத் தந்திக்குச் 'செய்திநூல்' என்ற பொருளிலும், தொலைபேசிக்குப் 'பேச்சுநூல்' என்ற பொருளிலும் பெயர்கள் சொல்லிப் பார்த்தார்கள். யாருக்கும் விளங்கக்கூடிய பெயர்கள். அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான் பழைய சீமி மறுபடி தலைகாட்டியது. எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முந்தைய பாடல்களில் கிடந்த சொல்லை எடுத்துத் தூசி தட்டி, "இதை வைத்துக்கொள்ளலாமே" என்றார்கள் படித்தவர்கள் சிலர்.

யோசித்துப் பார்த்தால், விளங்குகிற பேச்சுநூல் தோற்றுப்போய் யாருக்கும் விளங்காத சீமி ஜெயித்தது ஆச்சரியமான விஷயம். நான் முதலில் இதற்குச் சொல்லிக்கொண்ட காரணம் அதன் அளவு. இரண்டே அசை. வாயில் நிற்கிறது, வேற்றுமை உருபுகளை உறுத்தாமல் ஏற்றுக்கொள்கிறது, வேறு சொல்லோடு ஒட்டச் சொன்னால் ஒட்டுகிறது. சீம்தால் என்றால் தொலைபேசிப் பேச்சு. சீமாநூமெர் என்றால் தொலைபேசி எண். ஃபார்சீமி கைபேசி, ஸ்னியாட்ல்சீமி திறன்பேசி. 'புத்திசாலி சீமி' என்றே அதற்கு அர்த்தம். பழைய தந்திக்குச் சீம்ஸ்கேய்தி என்று பெயர். ஸ்கேய்தி என்றால் ஆதியில் அம்பு, எறிபடை. நூல் வழியே பாய்ந்து வரும் அம்பு என்று ஒரு தந்திக்குப் பெயர் வைத்த மனதை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. சொல்லின் அளவு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அது மட்டும் போதாது என்பது சேய்திஸ்ஃபியோர்துர் போன பிறகுதான் புரிந்தது.

கம்பியா காற்றா

சேய்திஸ்ஃபியோர்துர் நாட்டின் கிழக்கு ஓரம். நீண்டு உள்ளே வந்த கடல்நாக்கின் முனையில், இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை நிற்க, நடுவில் கொஞ்சம் மர வீடுகள். எதிர்வீட்டு அம்மா பிறந்து வளர்ந்தது அந்தக் கிழக்குக் கரையில்தான். போன கோடையில் நான் அங்கே போனதற்கு அவர்தான் காரணம். "ரெய்க்யவிக்கை மட்டும் பார்த்துவிட்டு ஐஸ்லாந்தைப் பார்த்தேன் என்று எழுதாதே" என்று சொல்லியிருந்தார். கரையோரம் வெள்ளையாக ஒரு பெரிய மர வீடு இருக்கிறது. ஒரு நார்வே வியாபாரியின் மாளிகையாக இருந்து தந்தி நிலையமாக மாறிய வீடு. அதன் அருகே நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்தேன். ஷெட்லாண்ட் தீவிலிருந்து பரோ தீவு வழியாகக் கடலடியில் வந்த கம்பி 1906 ஆகஸ்டில் கரையேறியது இந்த ஊரில்தான். 1905 வரை ஐஸ்லாந்துக்குச் செய்தி வந்தது கப்பலில். கப்பல் வரவில்லை என்றால் உலகத்தில் என்ன நடந்தாலும் இங்கே தெரியாது.

அந்தக் கம்பி சும்மா வரவில்லை. நாட்டின் முதல் அமைச்சரான ஹான்னெஸ் ஹாஃப்ஸ்டைன் டேனிஷ் தந்திக் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டபோது பெரிய சண்டையே நடந்தது. கம்பி எதற்கு, மார்க்கோனியின் கம்பியில்லாத முறை இருக்கிறதே என்றது ஒரு கட்சி. 1905 ஜூன் 26 அன்று, ரெய்க்யவிக்குக்கு வெளியே நட்டிருந்த கம்பத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் முனையிலிருந்து காற்று வழியாக வந்த செய்திகளை வாங்கியும் காட்டினார்கள். ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, இருநூறுக்கும் மேற்பட்ட விவசாயிகள் குதிரையில் தலைநகருக்கு வந்து கம்பி ஒப்பந்தத்தைக் கைவிடச் சொன்னார்கள். ஆகஸ்ட் என்றால் இங்கே புல் அறுத்து உலர்த்தும் காலம். ஒரு நாள் போனாலும் நட்டம். அந்த நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள் என்றால் எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்! அவர்களைப் பழமைவாதிகள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செலவைப் பற்றியும், அன்னியக் கம்பெனியிடம் நீண்ட காலத்துக்குக் கட்டுப்படுவதைப் பற்றியும் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. நூறு வருடம் கழித்துப் பார்த்தால் கம்பியில்லாத பக்கம்தான் காலம் போயிருக்கிறது.

ஆனால் அன்று ஜெயித்தது கம்பி. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. அந்த வருடமே வந்த சட்டத்தில் தந்திக்கு ரித்சீமி, தொலைபேசிக்குத் தால்சீமி என்று எழுதினார்கள். எழுதும் சீமி, பேசும் சீமி. சேய்திஸ்ஃபியோர்துரில் கரையேறிய கம்பியை அங்கிருந்து வடக்கே சுற்றி, அகுரெய்ரி வழியாக, ஆயிரக்கணக்கான கம்பங்கள் நட்டு ரெய்க்யவிக் வரை இழுத்தார்கள். 1906 செப்டம்பர் 29 அன்று தலைநகரில் நிலையம் திறந்தது. அதை நடத்திய அரசு நிறுவனத்தின் பெயர் 'லான்ட்ஸ்சீமி', நாட்டுச் சீமி. கதவில் அந்தப் பெயர். கடிதத் தலைப்பில் அந்தப் பெயர். மாதச் சம்பளம் வாங்குகிறவர்களின் வாயில் அந்தப் பெயர். ஒரு சொல்லை எத்தனை பேராசிரியர்கள் பரிந்துரைத்தாலும், அதை வைத்து ஒருவர் சம்பளம் வாங்குகிற நாள்தான் அது நிலைக்கிற நாள் என்று எனக்கு இப்போது படுகிறது.

அந்தக் கரையில் நிற்கும்போது இன்னொன்றும் உறைத்தது. கடலடியில் வந்த கம்பிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சைசீமி', கடல் சீமி. அதாவது 1906-இல் சீமி என்பது கம்பியைத்தான் குறித்தது. கரைக்கு வந்தது ஒரு கயிறு, அதற்குக் கயிற்றின் பெயர். பழைய பாட்டில் இருந்த அதே பொருள். பிறகு மெல்ல மெல்ல அந்தப் பெயர் கம்பியை விட்டு, கம்பியின் நுனியில் சுவரில் மாட்டியிருந்த பெட்டிக்குப் போனது. தந்தி ஓய்ந்ததும் ரித்சீமி ஓய்ந்தது. பிரித்துச் சொல்லத் தேவையில்லாமல் தால்சீமி வெறும் சீமி ஆனது. இன்று கம்பியைச் சொல்ல வேண்டுமானால் 'சீமாலீனா' என்று தனியாக ஒரு சொல் வேண்டியிருக்கிறது. கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசிக்கு 'த்ரௌத்லௌஸ் சீமி' என்கிறார்கள். வேரைப் பிடித்து மொழிபெயர்த்தால், நூலில்லாத நூல். முதலில் ஒருமுறை, பேச்சிலிருந்து மறைந்தபோது, அந்தச் சொல் தன் நூலை இழந்தது. மீண்டு வந்து கம்பியாகி, இரண்டாவது முறையும் இழந்திருக்கிறது. எதிர்வீட்டு அம்மா என்னைத் திருத்தியது இந்த இரண்டாம் இழப்புக்கு அப்புறம் நின்றுகொண்டு.

ஒரு நீளம், இரண்டு குட்டை

இங்கே யாரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நாட்டின் அதிபரானாலும் அப்படித்தான். தொலைபேசிப் புத்தகமே முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது. அச்சில் கடைசியாக வந்தது 2016-இல். நீங்கள் என்ற மரியாதைச் சொல்லும் வழக்கொழிந்துவிட்டது. எண்பது தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முதல் ஒரு வருடம் எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது பழகிவிட்டது, என்றாலும் மனதுக்குள் அவர் எனக்கு அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எனக்குப் படிக்கக் கற்றுத் தருவார். நான் வாசிப்பேன், அவர் பின்னிக்கொண்டே திருத்துவார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வகுப்பில் கொடுத்த ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். எட்டா பாடல்கள் என்கிற பழைய தெய்வ, வீரக் கதைப் பாடல்கள் உள்ள கையெழுத்துச் சுவடியிலிருந்து, ஹெல்கி என்ற வீரனைப் பற்றிய முதல் பாட்டின் தொடக்கம். 1270 வாக்கில் எழுதிய அந்தச் சுவடி, நாற்பத்தைந்து ஏடுகள்தான், முந்நூறு வருடம் டேனிஷ் அரசர் நூலகத்தில் இருந்துவிட்டு 1971-இல் கப்பலில் ஐஸ்லாந்து திரும்பியது. சீமி என்ற சொல்லின் பழைய உருவம் அந்தப் பாட்டில் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நவம்பர் வாதத்தில் நான் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் கொஞ்சம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அன்று அவரையே வாசிக்கச் சொன்னேன். பாட்டு இப்படிப் போகிறது. ஊரில் இரவு. ஹெல்கி பிறந்திருக்கிறான். ஊழை வகுக்கும் நோர்ன் என்ற பெண்கள் வருகிறார்கள். பிள்ளையின் விதி இழைகளைப் பலமாக முறுக்குகிறார்கள். பொன் இழைகளைப் பிரித்துச் சீராக்கி, நிலவின் மண்டபத்துக்குக் கீழே, நடுவில் கட்டுகிறார்கள். பொன் இழைகள் என்ற இடத்தில் 'குட்லின் சீமு' என்று வருகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் அவர் சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடத்தில் இந்த இடத்தில்தான் சிரித்தோம். தங்க டெலிபோன் என்று ஒரு பையன் கத்தினான். வாத்தியார் அடுத்த வரிக்கே போகவில்லை, அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது" என்றார்.

நடந்தது நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக. பழைய பாட்டைக் காட்டினால் தொலைபேசிக்குள் நூல் தெரியும் என்று நினைத்தேன். அவருக்கோ பழைய பாட்டுக்குள் தொலைபேசி தெரிந்தது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஊழ்த்தேவியர் கையில் போன். வேர் என்பது கீழேயிருந்து மேலே மட்டும் போகும் என்று நினைத்திருந்தேன். புதிய பொருள் கீழே இறங்கிப் போய் வேரையே நனைக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் அடுத்த பத்தியைத் தொடர்ந்தார். அந்தப் பெண்கள் இழைகளின் நுனிகளைக் கிழக்கிலும் மேற்கிலும் ஒளித்து வைக்கிறார்கள், நடுவில் இருக்கும் நிலமெல்லாம் அரசனுக்கு. பிறகு ஒருத்தி ஒரு கயிற்றை வடக்குப் பக்கம் வீசி, இது என்றைக்கும் தாங்க வேண்டும் என்கிறாள். இங்கே வந்து வாசிப்பு நின்றது. ஊசிகள் மடியில் கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "வடக்கே வீசியது எங்கள் ஊரில்தான் கரையேறியது" என்றார். குரலில் சிரிப்பில்லை.

அப்புறம்தான், இத்தனை வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக, தான் பதினேழு வயதில் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொன்னார். ரெய்க்யவிக்கில் 1932-லேயே தானாக இணைக்கும் நிலையம் வந்துவிட்டது. கிராமப்புறத்தில் அதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இவர் முன்னால் துளைகள் நிறைந்த பலகை. கையில் செருகுமுனை வைத்த கயிறுகள். அழைப்பு வந்தால் ஒரு முனையை ஒரு துளையிலும் மறுமுனையை இன்னொரு துளையிலும் செருக வேண்டும். பனிப்புயல் நேரத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, கடலுக்குப் போன படகு எந்தத் துறையில் ஒதுங்கியது என்று ஒவ்வொரு நிலையமாகக் கேட்டுச் சொல்வாராம். பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணின் புருஷனுக்கு டாக்டரைத் தேடிப் பிடித்துக் கொடுத்த இரவு ஒன்றைச் சொன்னார். டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பண்ணையில் இருந்தார். அவரைப் பிடிக்க நாலு நிலையங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. கையில் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், செருகிய பிறகும் விடவில்லை என்றார். வலது கை விரல்கள் காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன.

"அந்தக் கயிற்றுக்கு என்ன பெயர் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். "ஸ்னூரா" என்றார் உடனே. அதுதான் இன்றைக்கும் மின்கம்பிக்கும் சார்ஜர் கம்பிக்கும் வழங்குகிற பெயர். தையல் நூலுக்கு த்ரௌதுர், பின்னும் கம்பளிக்குப் பாண்ட், மூட்டை கட்டுகிற கயிற்றுக்கு ரெய்பி, கப்பல் வடத்துக்குக் காதாட்ல். கடலும் ஆடும் வைத்துப் பிழைத்த ஜனங்களுக்குக் கயிற்றுக்குச் சொல் பஞ்சமில்லை. எல்லாச் சொல்லுக்கும் ஏற்கெனவே வேலை இருந்தது. வேலையில்லாமல் இருந்த ஒரே கயிறு சீமி. பேச்சுநூல் என்று சொன்னால் எல்லாருக்கும் தையல் பெட்டி நினைவு வரும். சீமி என்றால் எதுவும் நினைவு வராது. அதனால்தான் புதிய பொருள் முழுதாக அதற்குள் போய் உட்கார முடிந்தது என்று இப்போது நம்புகிறேன். அந்தச் சொல் ஜெயித்தது ஜனங்கள் அதை மறந்திருந்ததால்தான்.

சிறு வயதில் அவர் வீட்டில் இருந்தது 'ஸ்வேய்தாசீமி', கிராமத்துச் சீமி. பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே கம்பி. ஒவ்வொரு பண்ணைக்கும் தனி மணி. கைப்பிடியைச் சுற்றி, நீளமாகவும் குட்டையாகவும் அடிக்க வேண்டும். இவர் வீட்டு மணி ஒரு நீளம், இரண்டு குட்டை. யாருக்கு மணி அடித்தாலும் எல்லா வீட்டிலும் கேட்கும். எல்லாரும் எடுத்துக் கேட்பார்கள். ரகசியம் என்று ஒன்று கிடையாது. அதைக் குறையாகச் சொல்வார் என்று நினைத்தேன். "அப்பா இறந்த அன்று அண்ணனுக்குச் சொல்ல நகரத்துக்கு அடித்தோம். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துப் பண்ணைக்காரர் குதிரையில் கிளம்பிவிட்டார்" என்றார். இந்த முறை 1980-கள் வரையிலும் நாட்டின் சில பகுதிகளில் இருந்தது.

தந்தி

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தந்தி என்ற சொல் நினைவுக்கு வந்தது. வருடக்கணக்காக இன்னொரு மொழியில் வேர் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, சொந்த மொழியில் அதே கதை இருப்பது அதுவரை தெரியாமல் போனது எப்படி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தந்தி என்றாலும் இழைதான், வீணையின் நரம்பு. எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு. சைக்கிள் மணியோடு "தந்தி" என்று வாசலில் குரல் கேட்டால், பிரித்துப் படிப்பதற்கு முன்பே பாட்டி அழ ஆரம்பித்துவிடுவாள். அந்த அழுகையில் எந்த வீணையும் கிடையாது. நாங்களும் அவர்களைப் போலவே கம்பியில்லாத் தந்தி என்று சொன்னோம், இழையில்லாத இழை என்று. யாருக்கும் அது முரணாகப் படவில்லை. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையை மூடிவிட்டார்கள். யாராவது அன்றைக்கு என் பாட்டியிடம் வந்து, தந்தி என்றால் வீணை நரம்பு என்று சொல்லியிருந்தால், அவள் சொல்லியிருப்பாள், தந்தி என்றால் தந்திதான் என்று. எதிர்வீட்டு அம்மாவின் குரலிலேயே அதைக் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு அவருக்கு அந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "உங்கள் மொழியில் எங்கள் சீமிக்குச் சொந்தம் யாரும் உண்டா?" என்று கேட்டார். தமிழ் வேறு குடும்பம், ஆனால் வடமொழியிலிருந்து வாங்கிய சொற்கள் உண்டு, அதில் ஒன்று இருக்கிறது என்றேன். சீமி பிறந்த ஆதி வேருக்குக் கட்டுதல், பிணைத்தல் என்று பொருள். அதே வேரிலிருந்துதான் வடமொழியில் சேது வந்தது. கட்டியது, அதனால் அணை, பாலம். இராமேசுவரத்தில் கடலுக்குள் போகும் மணல்திட்டு வரிசையைச் சேது என்கிறோம், அந்தப் பக்கம் ஆண்ட மன்னர்களைச் சேதுபதி என்றோம் என்று சொன்னேன். ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். சே என்ற எழுத்தின் முன்னால் நிற்கும் கொம்பை விரலால் தடவிப் பார்த்தார். "இது கயிறு மாதிரிதான் இருக்கிறது" என்றார்.

அந்தத் தாள் இப்போது அவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. சீமி என்றால் நூல் என்று நான் இப்போது அவரிடம் சொல்வதில்லை. அவரும் அந்த வாதத்தை எடுப்பதில்லை. போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை. கதவைத் திறந்தேன். பின்னல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். "சீமியைக் காணோம், அடித்துப் பார்" என்றார். அடித்தேன். இரண்டு பேரும் பேசாமல் நின்று கேட்டோம்.